வெளியே போனவர் உள்ளே வரலாம்

(பெற்றோருக்கும் ஆசிரியருக்குமாக நூலக வாசகர் வட்டம் நடத்திய கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழுத்தில் விசிலோடு மைதானத்தில் கழித்தவன். இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், விளையாட்டும் மன அழுத்தமும்.

மன அழுத்தம் யாருக்கு இல்லை? பத்தாம் வகுப்புப் பையன் "டென்ஷனா இருக்கு சார்" என்கிறான். வங்கியில் வேலை பார்க்கும் அம்மா "ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துடுது, அப்புறம் தூக்கமே இல்ல" என்கிறார். கடை வைத்திருப்பவருக்குத் தவணை. ஓய்வு பெற்றவருக்குத் தனிமை. இவர்கள் எல்லாருக்கும் நாம் என்ன சொல்கிறோம்? "கவலைப்படாதே" என்கிறோம். கவலைப்படாதே என்று சொல்லி யாருடைய கவலையாவது தீர்ந்திருக்கிறதா?

உடற்பயிற்சி நல்லது என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. அதை உங்கள் மருத்துவரே சொல்லியிருப்பார். நான் பேச வந்தது விளையாட்டைப் பற்றி. எதிரே ஒருவர் நிற்க வேண்டும். பந்து நம்மை நோக்கி வர வேண்டும். ஒருவர் ஜெயிக்க வேண்டும், ஒருவர் தோற்க வேண்டும். அந்த விளையாட்டு, நொந்துபோன மனத்துக்கு என்ன செய்கிறது? அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

முதலில் உங்களை வெகுதூரம் அழைத்துப் போகிறேன். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரத்துக்கு எதிரே, கடலுக்குள் ஒரு சின்னத் தீவு. ராபன் தீவு என்று பெயர். நிறவெறி அரசு தன்னை எதிர்த்தவர்களை அங்கேதான் அடைத்து வைத்தது. நெல்சன் மண்டேலா தம் 27 ஆண்டுச் சிறைவாசத்தில் 18 ஆண்டுகளை அங்கேதான் கழித்தார். பகலெல்லாம் கல் உடைக்கும் வேலை. வீட்டிலிருந்து வரும் கடிதத்தைக்கூட அதிகாரிகள் வெட்டி, கறுப்படித்துத்தான் கொடுப்பார்கள். எப்போது விடுதலை? பலருக்கு அந்தக் கேள்விக்கே பதில் கிடையாது. இதைவிடப் பெரிய மன அழுத்தம் ஒரு மனிதனுக்கு வர முடியுமா?

அந்த மனிதர்கள் சிறை அதிகாரிகளிடம் எதைக் கேட்டார்கள் தெரியுமா? கால்பந்து ஆட அனுமதி கேட்டார்கள்! 1960-களின் நடுவில் கேட்கத் தொடங்கினார்கள். மறுத்தார்கள். மறுபடி கேட்டார்கள். கேட்டவர்களுக்குத் தண்டனை கிடைத்தது. தண்டனையை அனுபவித்துவிட்டு மறுபடியும் கேட்டார்கள். அதுவரை சும்மா இருந்தார்களா? அறைக்குள்ளேயே பழந்துணியைச் சுருட்டிப் பந்தாக்கி ஆடிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் 1967-இல், சனிக்கிழமைகளில் ஆடலாம் என்று அனுமதி வந்தது.

கிடைத்த அந்தச் சனிக்கிழமையை அவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் என்னை வியக்க வைக்கிறது. ஏதோ உதைத்து விளையாடிவிட்டுப் போகவில்லை. சங்கம் அமைத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதே தீவில் சிறைப்பட்டு, தப்ப முயன்று கடலில் இறந்த மக்கானா என்ற வீரரின் பெயரை அதற்கு வைத்தார்கள். மக்கானா கால்பந்துச் சங்கம். பல அணிகள், தரவாரியான பிரிவுகள், நடுவர்கள், ஒழுங்கு நடவடிக்கைக் குழு, கூட்டக் குறிப்பேடு எல்லாம் உண்டு. சர்வதேசக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் விதிப்படிதான் ஆட்டம். ஒரு கோல் செல்லாது என்று ஓர் அணி கிளப்பிய தகராறு மாதக்கணக்கில் விசாரணையில் இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆயுள் தண்டனைக் கைதிகள் இருந்த இடத்தில், ஒரு கோலுக்காக எழுத்துமூலம் புகார், எழுத்துமூலம் பதில்!

ஏன்? விடுதலை எப்போது என்பது அவர்கள் கையில் இல்லை. சாப்பாடு அவர்கள் கையில் இல்லை. மனைவி மக்களைப் பார்ப்பது அவர்கள் கையில் இல்லை. ஆனால் சனிக்கிழமை வந்தால், அந்தக் கோட்டுக்குள் நடப்பது அவர்கள் கையில் இருந்தது. வாரத்தின் மற்ற நாட்களில் "சனிக்கிழமை யாரை முன்னால் நிறுத்துவது?" என்று யோசிக்க ஒரு விஷயம் கிடைத்தது. அரசியல் கட்சி வேறுபாட்டால் ஒருவரோடொருவர் பேசாமல் இருந்தவர்களை ஒரே அணியில் சேர்த்து ஆட வைத்தது அந்தப் பந்து. அந்தச் சங்கத்தின் தலைவராக இருந்த டிக்காங் மொசெனேகே, பிற்காலத்தில் விடுதலை பெற்ற தென்னாப்பிரிக்காவின் துணைத் தலைமை நீதிபதி ஆனார். 2007-இல் ஃபிஃபா அந்தச் சிறைச் சங்கத்துக்குக் கௌரவ உறுப்பினர் தகுதி தந்து சிறப்பித்தது. மண்டேலா இருந்த தனிப் பிரிவினருக்கு மட்டும் ஆட அனுமதி இல்லை. இளமையில் குத்துச்சண்டை பழகிய அவர் என்ன செய்தார்? காலையில் தம் சின்ன அறைக்குள் நின்ற இடத்திலேயே ஓடினார்.

நண்பர்களே, நம் பிள்ளைகளுக்கு இருப்பது அந்தச் சிறை அல்ல. ஆனால் "என் கையில் எதுவுமே இல்லை" என்ற நினைப்பு இருக்கிறதே, அது இங்கேயும் அதேதான். என்ன படிப்பது என்று அப்பா முடிவு செய்கிறார். எப்போது எழுவது என்று அம்மா முடிவு செய்கிறார். மதிப்பெண்ணை எங்கோ இருக்கும் விடைத்தாள் திருத்துநர் முடிவு செய்கிறார். அந்தப் பிள்ளைக்கும் தானே முடிவெடுத்து, தானே அதன் பலனை அடுத்த நொடியில் பார்க்கும் ஓர் இடம் வேண்டாமா?

சரி, உடம்புக்குள் என்ன நடக்கிறது? இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். ஆபத்து என்று மூளை நினைத்ததும் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது. மூச்சு வாங்குகிறது. கல்லீரல் சேமித்து வைத்த சர்க்கரையை ரத்தத்தில் இறக்குகிறது. சற்று நேரத்தில் கார்டிசோல் என்ற ஹார்மோனும் வந்து சேர்கிறது. எதற்கு இவ்வளவு ஏற்பாடு? சண்டை போடு, அல்லது ஓடு! நம் முன்னோர் காட்டில் புலியைக் கண்டபோது உயிரைக் காத்தது இந்த ஏற்பாடுதான். அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் இதை விளக்கினார். பிறகு 1936-இல், கனடாவின் மான்ட்ரியலில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஹான்ஸ் செலி, இந்த நெருக்கடி நிலை ஓயாமல் நீடித்தால் உடம்பு என்ன பாடுபடும் என்பதை எலிகளிடம் கண்டு எழுதினார். என்ன தொல்லை கொடுத்தாலும் எலிகளுக்கு ஒரே மாதிரி பாதிப்பு. அட்ரினல் சுரப்பி வீங்கியது. வயிற்றில் புண் வந்தது.

இன்றைக்கு நமக்குப் புலி எங்கே வருகிறது? மேலதிகாரியின் வாட்ஸ்அப் செய்தி வருகிறது. மாதிரித் தேர்வு மதிப்பெண் வருகிறது. உடம்பு அப்போதும் அதே ஏற்பாட்டைத்தான் செய்கிறது. ஓடுவதற்குத் தயாராகிறது. ஆனால் நாம் ஓடுகிறோமா? நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறோம். அடுப்பைப் பெரிதாக மூட்டிவிட்டு உலை வைக்காமல் விட்ட கதைதான். ஆடுகளத்தில் இறங்கியவர் அந்தத் தீயில் உலை வைக்கிறார். ரத்தத்தில் இறங்கிய சர்க்கரையைத் தசை எடுத்துக்கொள்கிறது. ஓடி, வியர்த்து, ஓய்ந்தபின் இதயம் தானாக நிதானத்துக்கு வருகிறது. அன்று இரவு தூக்கம் வருகிறது. நல்ல தூக்கம் வந்தவருக்கு மறுநாளின் பிரச்சினை நேற்றைய அளவுக்குப் பெரிதாகத் தெரிவதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். இதுதான் மிக முக்கியம் என்பது என் கருத்து. பயத்தில் என்ன ஆகிறது? நெஞ்சு படபடக்கிறது, வியர்க்கிறது, மூச்சு முட்டுகிறது. ஆட்டத்தில் என்ன ஆகிறது? நெஞ்சு படபடக்கிறது, வியர்க்கிறது, மூச்சு முட்டுகிறது. இரண்டும் ஒன்றுதான்! தினமும் ஆடும் பிள்ளைக்கு அந்தப் படபடப்பு பழகிய விருந்தாளி. "இது வரும், ஐந்து நிமிடத்தில் போகும்" என்பது அவன் உடம்புக்கே தெரியும். ஆடாத பிள்ளைக்கு முதன்முதலில் அந்தப் படபடப்பு எங்கே வருகிறது? தேர்வு அறையில் வருகிறது. வினாத்தாளைப் பார்த்ததும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. எனக்கு என்னமோ ஆகிறது என்று பயந்துபோகிறான். அந்தப் பயம் படபடப்பை இன்னும் கூட்டுகிறது. படித்ததெல்லாம் மறந்துபோகிறது. அந்தப் படபடப்பை மைதானத்தில் பழகிக்கொள்ள நாம் விட்டிருக்கலாமே?

அடுத்தது மனம். கவலைப்படுகிற மனம் என்ன செய்யும்? ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்ப மெல்லும். "அப்படிச் சொல்லியிருக்கலாமோ, இப்படிச் செய்திருக்கலாமோ" என்று மென்றுகொண்டே இருக்கும். டிரெட்மில்லில் ஓடும்போதுகூட அதை மெல்லலாம். நடைப்பயிற்சியில் தாராளமாக மெல்லலாம். இறகுப்பந்து ஆடும்போது முடியுமா? எதிராளி மட்டையைத் தூக்கிவிட்டார். மணிக்கட்டு எந்தப் பக்கம் திரும்புகிறது? வலையோரம் தட்டப் போகிறாரா, பின்கோட்டுக்குத் தூக்கப் போகிறாரா? அந்த அரை நொடியில் வீட்டுக் கடனை நினைத்தால் என்ன ஆகும்? பதினாறு இறகுகளோடு அந்தப் பந்து உங்கள் காலடியில் விழும்! ஆகவே மனம் கடனை விட்டுவிடுகிறது. நீங்கள் விரட்டவில்லை. ஆட்டம் அதை வெளியே நிறுத்தி வைக்கிறது. ஒரு மணி நேரம் கழித்துக் கடன் அப்படியேதான் இருக்கும். ஆனால் அந்த ஒரு மணி நேரம் ஓய்ந்திருந்த மனத்தோடு நீங்கள் அதனிடம் திரும்புகிறீர்கள்.

இப்போது நம் மண்ணின் ஆட்டத்துக்கு வருகிறேன். கபடி! நம் ஊர்ச் சடுகுடு. சிறு வயதில் ஆற்று மணலில், அறுவடை முடிந்த வயலில் ஆடாதவர் இந்த அரங்கில் எத்தனை பேர் இருப்பீர்கள்? ஒரு பக்கம் ஏழு பேர். பாடிப் போகிறவர் தனி ஆள். எதிரே ஏழு பேர் கைகோத்து வளைத்து நிற்கிறார்கள். இன்றைய விதிப்படி அவருக்கு 30 நொடி. மூச்சு விடாமல் பாட வேண்டும், காலால் அளக்க வேண்டும், கண்ணால் எண்ண வேண்டும், யாராவது ஒருவரைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். மூலையில் நிற்பவர் கணுக்காலைப் பிடித்துவிட்டார். மேலே நாலு பேர் விழுகிறார்கள். கை நடுக்கோட்டை எட்டவில்லை. அவுட்!

அவுட் ஆனவர் எங்கே போகிறார்? வீட்டுக்கா? இல்லை. களத்துக்கு வெளியே போய் உட்காருகிறார். முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே ஆட்டத்தைப் பார்க்கிறார். தன் அணிக்காரர் ஒருவர் பாடிப் போய் எதிரணி ஆளைத் தொட்டுவிட்டுத் திரும்பினால், வெளியே உட்கார்ந்திருப்பவர் உள்ளே வரலாம். முதலில் வெளியே போனவர் முதலில் வருவார். தொடையைத் தட்டிக்கொண்டு மறுபடி வந்து நிற்பார்!

இதைவிட நல்ல பாடத்தை எந்தப் பாடப்புத்தகத்தில் வைக்க முடியும்? கபடியில் தோற்றவன் ஒழிந்துபோவதில்லை. தன் வேளைக்குக் காத்திருக்கிறான். அவனை உள்ளே கொண்டுவருவது அவனுடைய திறமை அல்ல, நண்பனுடைய மூச்சு. நாளை அந்த நண்பன் வெளியே உட்கார்ந்திருக்கும்போது இவன் அவனைக் கொண்டுவருவான். ஒரு தேர்வில் தவறிய பிள்ளை, எல்லாம் முடிந்துவிட்டது என்று ஒரு முடிவுக்குப் போகிறானே, அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்துவிட்டு நெஞ்சு பதறுகிறோமே, அந்தப் பிள்ளைக்கு நாம் எதைச் சொல்லத் தவறினோம்? வெளியே போனவர் உள்ளே வரலாம் என்பதை அவன் காதில் சொன்னோமா? சொன்னால் மட்டும் போதுமா? அவன் அதை முட்டி தேய ஆடிப் பார்த்திருக்க வேண்டாமா?

தோல்வியைப் பற்றிப் பேசும்போது நம் சென்னைப் பிள்ளை குகேஷை எப்படி மறக்க முடியும்? 2024 நவம்பரில் சிங்கப்பூரில் உலகச் சதுரங்கப் பட்டத்துக்கான போட்டி. வயது 18. எதிரே சீனாவின் டிங் லிரென், நடப்பு உலகச் சாம்பியன். மொத்தம் 14 ஆட்டங்கள். முதல் ஆட்டத்திலேயே குகேஷ் தோற்றார். உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது முதல் நாளே தோல்வி! மூன்றாவது ஆட்டத்தில் ஜெயித்துச் சமன் செய்தார். பதினோராவதில் ஜெயித்து முன்னால் போனார். பன்னிரண்டாவதில் மறுபடி தோற்றார். பட்டம் கைக்கு எட்டும் நேரத்தில் இன்னொரு அடி. பதினான்காவது ஆட்டத்தில் வென்று டிசம்பர் 12-ஆம் தேதி உலகச் சாம்பியன் ஆனார். தோல்விக்குப் பிறகு மறுபடி பலகை முன்னால் போய் உட்காருவது எப்படி என்பதை அவர் அன்றைக்கா கற்றார்? சிறு வயது முதல், யாரும் பார்க்காத எத்தனையோ போட்டிகளில் தோற்றுத் தோற்றுக் கற்றது அது. மனப் பயிற்சிக்கு பேடி அப்டன் என்ற பயிற்சியாளரும் அவருடன் இருந்தார். உதவி கேட்பது வெட்கம் இல்லை என்பதையும் நாம் அங்கே பார்க்க வேண்டும்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது? அமெரிக்காவில் சுமார் 12 லட்சம் பேரிடம் திரட்டிய விவரங்களை அலசி, 2018-இல் லான்செட் மனநல மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. உடற்பயிற்சியோ விளையாட்டோ உள்ளவர்களுக்கு, அவை இல்லாதவர்களைவிட மனம் சோர்ந்த நாட்கள் ஏறத்தாழ 43 சதவீதம் குறைவு. எல்லா வகையிலும் அதிகப் பலன் தெரிந்தது எதில்? குழு விளையாட்டில்! மனம் நன்றாக இருப்பவர்கள்தானே விளையாட வருகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஓர் ஆய்வை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் குழு விளையாட்டு ஏன் முன்னால் நிற்கிறது என்பதற்கு எனக்கு ஆராய்ச்சி வேண்டாம். மைதானத்துக்கு வந்து பாருங்கள். தினமும் வாலிபால் ஆட வருகிறவர் இரண்டு நாள் வரவில்லை என்றால் என்ன நடக்கும்? மூன்றாம் நாள் வீட்டு வாசலில் பைக் நிற்கும். "என்னண்ணே, ரெண்டு நாளா ஆளக் காணோம்? ஆறு பேருக்கு ஒரு ஆள் கொறையுது, வாங்க" என்று கூப்பிடுவார்கள். இந்த ஊரில் என்னைத் தேட ஆள் இருக்கிறது! அந்த நினைப்புக்கு ஈடான மருந்தை எந்தக் கடையில் வாங்குவீர்கள்?

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். விளையாட்டே சுமையாகவும் மாறும். டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021-இல், ஜிம்னாஸ்டிக்ஸ் உலகின் தலைசிறந்த வீராங்கனை சிமோன் பைல்ஸ், மனநலம் முக்கியம் என்று பெரும்பாலான போட்டிகளிலிருந்து விலகினார். அவர் பின்னர் 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் திரும்பி மூன்று தங்கம் வென்றார். குகேஷிடம் தோற்ற டிங் லிரெனும் மனச்சோர்வோடு போராடியதை வெளிப்படையாகப் பேசியவர். நான் சொன்ன 2018 ஆய்விலும், ஒரு தடவைக்கு 90 நிமிடத்துக்கு மேல் வருத்திக்கொள்பவர்களுக்குப் பலன் கூடவில்லை. வாரத்துக்கு மூன்று முதல் ஐந்து நாள், முக்கால் மணி நேரம் போல ஆடியவர்களே நன்றாக இருந்தார்கள். ஆகவே பெற்றோரே, மதிப்பெண்ணுக்கு விரட்டிய அதே தடியோடு பதக்கத்துக்கும் விரட்டாதீர்கள். கோட்டுக்கு வெளியே நின்று "அடி, அடி, அத விட்டுட்டியே" என்று கத்தும் அப்பாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளையின் கண் பந்தின் மேல் இருக்காது, அப்பாவின் மேல் இருக்கும். அது விளையாட்டே அல்ல. இன்னொரு தேர்வு.

அதே போல, வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்ற நிலை வந்தால் மைதானம் போதாது. மருத்துவரிடம் போக வேண்டும். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணையோ, 104 என்ற எண்ணையோ அழைக்கலாம். அங்கே ஆலோசனை சொல்ல ஆள் உண்டு. குறித்துக்கொள்ளுங்கள்.

"எங்களுக்கு ஏதுங்க மைதானம்? இந்த வயசுல ஓட முடியுமா?" என்று சிலர் நினைப்பது எனக்குத் தெரிகிறது. கேரம் பலகைக்கு மைதானம் வேண்டுமா? வடசென்னைச் சந்துகளில் ஸ்டூல் மேல் பலகையைப் போட்டு, பவுடரைத் தூவி ஆடுகிறார்களே! அந்த மண்ணிலிருந்து போன ஆட்டோ ஓட்டுநர் மகள் காசிமா, 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்தார். பதக்கத்துக்காகச் சொல்லவில்லை. மாலையில் நாலு பேர் ஒரு பலகையைச் சுற்றி உட்கார்ந்து, சிவப்புக் காயை யார் போடுவது என்று சண்டை போட்டுச் சிரிக்க வயது தடையா?

பெண்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்பு வரை ஓடி ஆடிய பெண் குழந்தை, வயதுக்கு வந்ததும் ஏன் நின்றுவிடுகிறாள்? அவள் நின்றாளா, நாம் நிறுத்தினோமா? கல்யாணமான பிறகு, கடைசியாக எப்போது பந்தைத் தொட்டோம் என்று இங்கே உள்ள தாய்மார்கள் யோசித்துப் பாருங்கள். வீட்டின் அழுத்தம் முழுவதையும் தோளில் வாங்குகிறவருக்கு அதை இறக்கி வைக்கும் ஒரு மணி நேரத்தை மறுப்பது அநியாயம். இதை நான் கணவன்மார்களைப் பார்த்தே சொல்கிறேன்.

கடைசியாக, ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் ஒரு கோரிக்கை. ஐந்து வயது முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடம்பை நன்றாக இயக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-இல் தந்த வழிகாட்டல். நாம் என்ன செய்கிறோம்? பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் வந்ததும் பி.டி. பீரியடைக் கணக்குக்கும் இயற்பியலுக்கும் எடுத்துக்கொடுத்துவிடுகிறோம். அழுத்தம் மிக அதிகமாக இருக்கும் ஆண்டில், அதைத் தாங்கக் கற்றுத்தரும் ஒரே பீரியடைப் பறிக்கிறோம். மைதானத்துக்குப் போகப் பையைத் தூக்கும் பிள்ளையை "இந்த வருஷம் மட்டும் வேண்டாம்" என்று தடுக்கிறோம். தலைமையாசிரியப் பெருமக்களே, இந்தக் கல்வியாண்டில் பொதுத்தேர்வு வகுப்புகளின் கால அட்டவணையை எழுதும்போது பி.டி. பீரியடை யாருக்கும் கொடுக்காதீர்கள். பெற்றோரே, நாளை மாலை ஐந்து மணிக்கு உங்கள் பிள்ளையை மைதானத்துக்கு அனுப்புங்கள். முடிந்தால் நீங்களும் கூடப் போய் ஆடுங்கள்.